சின்ன கடலோர ஊருக்குப் போறோம், ரீஃபண்ட் இல்லாத ரூமை இப்பவே போட்டுடலாமா?

கேள்வி: அக்கா வணக்கம். குடும்பத்தோட 5 நாள் எங்கயாவது கடல் பக்கம் போகலாம்னு இருக்கோம், நான், மனைவி, பையன் 9 வயசு, பொண்ணுக்கு 4, கூட எங்க அம்மா. பெரிய ஊர், கூட்டம், ஷாப்பிங் எதுவும் வேண்டாம், சின்ன ஊரா அமைதியா இருக்கணும். வெப்பமண்டலப் பக்கமா ரெண்டு மூணு ஊர் பார்த்து வச்சிருக்கேன், இன்னும் முடிவு பண்ணல. ஒரு ஊர்ல பீச் ரிசார்ட் ஒண்ணு ஆஃப் சீசன்ல நல்லா குறைச்சுக் குடுக்கறாங்க, அதுலயும் ரீஃபண்ட் வேண்டாம்னா இன்னும் 10% கம்மி. போட்டோ எல்லாம் சூப்பரா இருக்கு. போட்டுடலாமா? வேற என்ன பாக்கணும்?

பதில்: தம்பி, கொஞ்சம் பொறுங்க. நீங்க ரூம்லேர்ந்து ஆரம்பிக்கிறீங்க, நான் எல்லார்கிட்டயும் சொல்றது தேதியிலேர்ந்து ஆரம்பிங்கன்னுதான். பெரிய ஊர்னா மழை வந்தா ஒரு மால், ஒரு மியூசியம்னு எங்கயாவது போய் நாளை ஓட்டிடலாம். சின்ன கடலோர ஊர்ல கடல்தான் எல்லாமே, கடல்ல இறங்க முடியலைன்னா ரூமுக்குள்ள உக்காந்து அஞ்சு பேரும் அஞ்சு போனைப் பாத்துக்கிட்டு இருக்கணும். அதுவும் ஆஃப் சீசன்ல பாதி சாப்பாட்டுக் கடை மூடியிருக்கும், படகை எல்லாம் கரையில ஏத்தி தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருப்பாங்க. ரேட்டு குறையறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால முதல்ல புயல் சீசன் பாருங்க. எல்லா கடலுக்கும் ஒரே மாசம் கிடையாது. கரீபியன், அட்லாண்டிக் பக்கம்னா ஜூன் 1லேர்ந்து நவம்பர் 30 வரைக்கும். வங்காள விரிகுடா, அரபிக்கடல் பக்கம்னா தென்மேற்குப் பருவமழைக்கு முன்னாடி ஒரு தடவை, அப்புறம் அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் இன்னொரு தடவைன்னு வருஷத்துக்கு ரெண்டு சீசன். தென் பசிபிக் தீவுகள்னா தலைகீழ், நவம்பர்லேர்ந்து ஏப்ரல். பூமத்திய ரேகைக்கு ரொம்பப் பக்கத்துல, ஒரு 5 டிகிரிக்குள்ள இருக்கற ஊர்னா புயல் ரொம்ப அபூர்வம், ஏன்னா பூமி சுத்தறதால காத்துக்குக் கிடைக்கற அந்த சுழற்சி அங்க பத்தாது. ஆனா மழை உண்டு.

மழையைப் பத்தியும் ஒண்ணு சொல்லணும். மாசத்துக்கு இத்தனை மில்லிமீட்டர்னு போட்டிருக்கறத மட்டும் பாத்து பயப்படாதீங்க, மாசத்துல எத்தனை நாள் பெய்யுதுன்னும் பாருங்க. வெப்பமண்டலத்துல நிறைய ஊர்ல மத்தியானத்துக்கு மேல ஒரு மணி நேரம் கொட்டோ கொட்டுன்னு கொட்டிட்டு உடனே வெயில் வந்துடும், அது ட்ரிப்பைக் கெடுக்காது. கெடுக்கறது காத்தும் அலையும்தான். காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து அடிக்குதோ அந்தப் பக்கத்துக் கரை கொந்தளிக்கும், மறுபக்கம் அமைதியா இருக்கும். தாய்லாந்தையே எடுத்துக்கோங்க, மேற்குப் பக்கம் புக்கெட்ல மே மாசத்துலேர்ந்து அக்டோபர் வரைக்கும் அலை ஜாஸ்தி, கிழக்குப் பக்கம் கோ சமுயில பெரிய மழை அக்டோபர், நவம்பர், டிசம்பர்லதான். ஒரே நாடு, ரெண்டு கரை, ரெண்டு சீசன். அதனால நாட்டோட சீசனைப் பாக்காம உங்க கரையோட சீசனைப் பாருங்க.

இப்ப அந்த 10% விஷயத்துக்கு வரேன். ரீஃபண்ட் வேண்டாம்னு சொல்லும்போது கேன்சல் பண்ற உரிமையை நீங்க 10%க்கு விக்கறீங்க, அவ்வளவுதான். இந்த ட்ரிப் நின்னு போக பத்துல ஒரு சான்ஸுக்கு மேல இருக்குன்னு உங்க மனசுக்குப் பட்டா அது நஷ்ட வியாபாரம். நீங்க தனி ஆளா போனா சரி போட்டுடுங்கன்னு சொல்லியிருப்பேன். நீங்க அஞ்சு பேர், அதுல ஒரு 4 வயசுக் குழந்தை, ஒரு வயசானவங்க, யாருக்காவது ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்தாலும் அஞ்சு பேரும் நிக்கணும், கூடவே ஆஃப் சீசன் வானிலை வேற. கண்டிப்பா போடாதீங்க, கேன்சல் பண்ணக்கூடிய ரூமையே எடுங்க. அதுலயும் ஃப்ரீ கேன்சலேஷன் எந்தத் தேதி, எத்தனை மணி வரைக்கும், அது எந்த ஊர் நேரம்னு பாருங்க, பெரும்பாலும் ஹோட்டல் இருக்கற ஊர் நேரம்தான் கணக்கு, வேற நாடுன்னா அந்த ரெண்டு மூணு மணி நேர வித்தியாசத்துலயே பணம் போயிடும். அந்தப் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க. வரி, ரிசார்ட் சார்ஜ், எக்ஸ்ட்ரா பெட் சார்ஜ் எல்லாம் கடைசிப் பக்கத்துலதான் ஏறும், அங்க வர்ற தொகையை வச்சுத்தான் ரெண்டு ரூமை கம்பேர் பண்ணணும்.

போட்டோ சூப்பரா இருக்குன்னு எழுதியிருக்கீங்க. எனக்கு நடந்ததைச் சொல்றேன். போட்டோல வராண்டா படிக்குக் கீழேயே நீலத் தண்ணி, நம்பிப் போனோம். மத்தியானம் போய் இறங்கினா தண்ணியே இல்ல. படிக்கு அந்தாண்ட ஒரு இருநூறு அடிக்கு மேல சேறு, பாசி புடிச்ச கல்லு, சேத்துக்குள்ள பாதி புதைஞ்ச ஒரு ரப்பர் செருப்பு, சின்னச் சின்ன ஓட்டைலேர்ந்து நண்டு எட்டிப் பாக்குது. தண்ணி வந்தது சாயங்காலம் இருட்டினதுக்கு அப்புறம். போட்டோ பொய் இல்ல, அது ஓதம், அதாவது டைடு, கடல் மட்டம் ஏறியிருந்தப்ப எடுத்த போட்டோ. கரை சரிவு இல்லாம தட்டையா இருந்தா ஓதம் இறங்கும்போது கடல் அவ்வளவு தூரம் போயிடும்.

இதை முன்னாடியே தெரிஞ்சுக்கலாம். பெரும்பாலான கடல்ல ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஓதம் ஏறி இறங்கும், ஒரு ஏத்தத்துக்கும் அடுத்த ஏத்தத்துக்கும் சுமார் 12 மணி 25 நிமிஷம், அதனால தினமும் ஒரு 50 நிமிஷம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டி ஏத்தமும் இறக்கமும் ரெண்டுமே ஜாஸ்தி. உங்க தேதிக்கு ஓத அட்டவணை நெட்ல ஃப்ரீயாவே கிடைக்கும், பகல்ல எப்ப தண்ணி ஏறுதுன்னு பாத்துட்டு தேதியை ரெண்டு நாள் முன்ன பின்ன நகர்த்துங்க. சில ஊர்ல இதுக்கு நேர் எதிரா ஓதம் ஏறினா மணலே இருக்காது, சுவர் வரைக்கும் தண்ணி அடிக்கும், அதையும் கேட்டு வச்சுக்கோங்க.

அப்புறம் சேட்டிலைட் மேப்ல அந்த ரிசார்ட்டைப் பெருசாக்கிப் பாருங்க. சீ வியூன்னா கடல் கண்ணுக்குத் தெரியும், அவ்வளவுதான், நடுவுல மெயின் ரோடு இருந்தாலும் அது சீ வியூதான். ரிவ்யூ படிக்கும்போது ஸ்டாரைப் பாக்காதீங்க, நீங்க போற அதே மாசத்துல போனவங்க என்ன எழுதியிருக்காங்கன்னு தேடிப் படிங்க. அவங்க போட்ட போட்டோல சீலிங்க் மூலை, பாத்ரூம் கதவு அடிப்பாகம் ரெண்டையும் பாருங்க, கறுப்பா புள்ளி புள்ளியா இருந்தா பூஞ்சை, அம்மாவுக்கு மூச்சுத் தொந்தரவு ஏதாவது இருந்தா அந்த ரூம் ஆகாது. பணம் கட்டறதுக்கு முன்னாடி ரிசார்ட்டுக்கு நேரா மெசேஜ் போட்டுக் கேளுங்க: கரண்ட் போனா ஜெனரேட்டர்ல ஏசி ஓடுமா இல்ல ஃபேனும் லைட்டும் மட்டுமா, ரூம்லேர்ந்து தண்ணிக்கு எத்தனை படி இறங்கணும், பக்கத்துல ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், இன்னிக்கு பீச்சை ஒரு போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா. அந்த கடைசிக் கேள்விக்கு சிலர் அஞ்சே நிமிஷத்துல அனுப்பிடுவாங்க, சிலர் மறுபடியும் வெப்சைட் போட்டோவையே அனுப்புவாங்க. எனக்கு அதுலயே பாதி முடிவு தெரிஞ்சுடும்.

இன்சூரன்ஸ் எடுக்கறதா இருந்தா டிக்கெட் போட்ட உடனே எடுங்க. புயல் உருவாகி அதுக்குப் பேர் வச்சதுக்கு அப்புறம் எடுத்தா அந்தப் புயலுக்கு கிளெய்ம் கிடைக்காது, தெரிஞ்ச விஷயம்னு தள்ளிடுவாங்க. அம்மாவுக்கு சுகர், பிரஷர் இருந்தா மறைக்காம எழுதுங்க, மருந்தை கையில வச்சுக்கற பையிலயே வைங்க, ரெண்டு மூணு நாளைக்கு எக்ஸ்ட்ராவா. சின்ன ஊர்ல ஒரே ஒரு ஏடிஎம் இருந்து அதுவும் காலியா இருக்கலாம், கொஞ்சம் கேஷ் வேணும். வெளிநாடுன்னா கார்டு மெஷின்ல உங்க நாட்டுப் பணமா அந்த ஊர்ப் பணமான்னு கேக்கும், அந்த ஊர்ப் பணத்தையே அமுக்குங்க, இல்லைன்னா மாத்து ரேட்டுல தனியா ஒரு கமிஷன் போகும்.

கேள்வி: சன்ஸ்க்ரீன் எஸ்பிஎஃப் 50, 100னு போட்டு விக்கறாங்க. ரெண்டு சின்னப் பசங்க இருக்காங்க, எது வாங்கறது, ஒரு ட்யூப் பத்துமா அக்கா?

பதில்: பத்தவே பத்தாதும்மா. பெரியவங்க ஒருத்தருக்கு உடம்பு பூரா சரியா போட கிட்டத்தட்ட 30 மில்லி வேணும், அதை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, தண்ணிலேர்ந்து வந்து துடைச்சா மறுபடியும் போடணும். 50 மில்லி ட்யூப் ஒருத்தருக்கு ஒரு காலைக்கே காலி. நம்ம எல்லாரும் ஒரு பட்டாணி அளவு எடுத்துத் தேச்சுட்டு எஸ்பிஎஃப் 50 போட்டாச்சுன்னு நினைச்சுக்கறோம், அந்தப் பாதுகாப்பு அதுல வராது. நம்பரைப் பாத்து அதிகக் காசு குடுக்காதீங்க, எஸ்பிஎஃப் 30 தோலைச் சுட வைக்கற கதிர்ல சுமார் 97% தடுக்கும், 50 சுமார் 98%. நம்பரைவிட ப்ராட் ஸ்பெக்ட்ரம்னு, அதாவது யுவிஏ, யுவிபி ரெண்டு கதிரையும் தடுக்கும்னு இருக்கா, வாட்டர் ரெசிஸ்டன்ட்னு எத்தனை நிமிஷம் போட்டிருக்கு, எக்ஸ்பைரி எப்பன்னு பாருங்க.

நான் சொல்றது என்னன்னா, அந்தக் காசுல பசங்களுக்கு முதல்ல முழுக்கை, முழுக்கால் நீச்சல் டிரெஸ் வாங்குங்க. துணிக்கு யுபிஎஃப்னு ஒரு நம்பர் போட்டிருக்கும், யுபிஎஃப் 50ன்னா கதிர்ல 50ல ஒரு பங்குதான் உள்ள போகும், தேய்க்க வேண்டாம், அழிஞ்சு போகாது, அடுத்த ட்ரிப்புக்கும் ஆகும். முகம், காது, கழுத்துப் பின்பக்கம், புறங்கை, பாதத்து மேல்பக்கம் இதுக்கு மட்டும் க்ரீம் போதும். பாதத்தை மறந்துடுவோம், சாயங்காலம் செருப்பு வார் தடம் மட்டும் வெள்ளையா விட்டு மத்த இடம் செவந்து குழந்தை செருப்பே போட மாட்டேன்னு அழும். மேகமா இருக்குன்னு விட்டுடாதீங்க, மெல்லிசு மேகத்துல 80% வரைக்கும் புற ஊதாக் கதிர் இறங்கிடும். பவளப்பாறை இருக்கற இடம்னா லேபிளைப் படிங்க, ஆக்ஸிபென்ஸோன், ஆக்டினாக்ஸேட்னு பவளப்பாறைக்குக் கெடுதல்னு சொல்ற ரெண்டு கெமிக்கல் இருக்கற சன்ஸ்க்ரீனை ஹவாயில 2021 ஜனவரி 1லேர்ந்து டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாது, பலாவுங்கற பசிபிக் தீவு நாட்டுல 2020லேர்ந்து தடை. கொசு க்ரீமும் போடணும்னா சன்ஸ்க்ரீன் முதல்ல, கொசு க்ரீம் அதுக்கு மேல. டெங்கு பரப்பற கொசு பகல்லதான் கடிக்கும், ராத்திரிக்கு மட்டும்னு எடுத்து வைக்காதீங்க.

கேள்வி: என் போன் ஐபி68. கடல்ல போட்டோ எடுக்கலாம்ல, தனியா பவுச் வாங்கணுமா?

பதில்: வாங்கிடுங்க. ஐபி68ங்கறது தூசி, தண்ணி உள்ள போகாதுன்னு போனுக்குக் குடுக்கற ரேட்டிங், அந்த டெஸ்ட் நல்ல தண்ணில, அசையாத தண்ணில பண்றது. உப்புத் தண்ணி, அலை, மணல் எதுவும் அதுல கணக்கு இல்ல, தண்ணி உள்ள போச்சுன்னா பெரும்பாலும் வாரண்ட்டியும் கிடையாது. பவுச்சை வாங்கின அன்னிக்கே உள்ள ஒரு டிஷ்யூ பேப்பர் வச்சு பக்கெட் தண்ணில அரை மணி நேரம் அமுக்கி வச்சுப் பாருங்க, பேப்பர் நனைஞ்சா திருப்பிக் குடுத்துடலாம். உப்புத் தண்ணி பட்ட போனை நல்ல தண்ணில ஈரமாக்கின துணியால துடைச்சு, நல்லா காஞ்சதுக்கு அப்புறம்தான் சார்ஜ் போடணும். ஃப்ளைட்ல போறவங்க பவர் பேங்க்கை கையில வச்சுக்கற பையில வைங்க, செக்-இன் பையில ஆகாது.

கேள்வி: போட் ட்ரிப்புக்கு முழுப் பணமும் முன்னாடியே ஆன்லைன்ல கட்டச் சொல்றாங்க. கட்டலாமா?

பதில்: முழுசா கட்டாதீங்க. கொஞ்சம் அட்வான்ஸ், மிச்சம் படகு ஏறும்போது, அதுக்கு ஒத்துக்கறவங்களா பாருங்க. வானிலை சரியில்லைன்னு அவங்களே கேன்சல் பண்ணா பணம் திரும்ப வருமா இல்ல வேற நாளைக்கு மாத்திக் குடுப்பாங்களா, இதை எழுத்துல வாங்கிக்கோங்க, ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் இருந்தாலும் போதும். போட் ட்ரிப்பை கடைசி நாள்ல வைக்காதீங்க, ரெண்டாவது நாள்ல வைங்க, அன்னிக்கு அலை ஜாஸ்தின்னா தள்ளிப் போட நாள் இருக்கும். ஸ்கூபா பண்றதா இருந்தா அதுக்கும் ஃப்ளைட்டுக்கும் நடுவுல ஒரு முழு நாள் விடுங்க. குழந்தை இருந்தா பணம் குடுக்கறதுக்கு முன்னாடி லைஃப் ஜாக்கெட்டைக் காட்டச் சொல்லுங்க, குழந்தை சைஸ்ல இருக்கணும், காலுக்கு நடுவுல போடற வார் இருக்கணும். போட்டுவிட்டு தோள்பட்டையைப் புடிச்சு மேல தூக்கிப் பாருங்க, ஜாக்கெட் தனியா காது வரைக்கும் ஏறி வந்தா குழந்தையை அந்தப் படகுல ஏத்தாதீங்க.