'க்ரீப்'புக்குப் பிறகு – கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் இசைக் குறிப்புகளைப் படித்துவிட்டு ரேடியோஹெட் என்ற ஆங்கிலேய ராக் இசைக்குழுவைக் கேட்க ஆரம்பித்தேன். 'க்ரீப்' பாட்டை ஒரு வாரமாகத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். 'ஓகே கம்ப்யூட்டர்' ஆல்பம் வரை கூடவே வர முடிந்தது. 'கிட் ஏ' வந்ததும் கிட்டாரையே காணோம், குரலையும் நறுக்கிப் போட்டிருக்கிறார்கள். இவ்வளவு நல்ல பாட்டு எழுதத் தெரிந்தவர்கள் ஏன் பாதை மாறிப் போனார்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

'கிட் ஏ'வை முதல்முறை நானும் பாதியில் நிறுத்தியவன்தான். ஆனால் பாதை மாறினார்கள் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். 'க்ரீப்'பையே இன்னொரு முறை கேளுங்கள். பல்லவிக்குச் சற்று முன்னால் கிட்டார் 'கறக், கறக்' என்று வெட்டும். அது ஜானி கிரீன்வுட். பாட்டு அவ்வளவு சாதுவாகப் போவது அவருக்குப் பிடிக்கவில்லை, அதைக் கெடுக்கத்தான் அப்படி அடித்தார் என்று இன்னொரு கிட்டார் கலைஞரான எட் ஓ'பிரையன் சொல்லியிருக்கிறார். எனக்கு அந்தப் பாட்டின் உயிரே அந்த வெட்டுதான். ஒரு நல்ல மெட்டைச் சும்மா விட்டுவைக்காத குணம் 1992லேயே அவர்களிடம் இருக்கிறது.

குழுவின் ஐந்து பேரும் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் அபிங்டனில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். 1985ல் சேர்ந்த அதே ஐவர்தான் எல்லா ஆல்பத்திலும். 'ஓகே கம்ப்யூட்டர்' பதிவின் பெரும்பகுதி பாத் நகரத்துக்கு அருகே ஒரு பழைய மாளிகையில் நடந்தது. 'எக்ஸிட் மியூசிக்' பாட்டைக் குழுவின் பாடகர் டாம் யார்க் அங்கே கல் படிக்கட்டில் நின்று பாடினார். ஆரம்ப வரிகளில் குரலைச் சுற்றி ஒரு குளிர்ச்சி தெரிகிறதே, அது அந்தக் கல்லின் எதிரொலி.

1997ல் அந்த ஆல்பம் வந்து, உலகம் சுற்றிப் பாடி முடித்தபோது யார்க் ஓய்ந்துபோயிருந்தார். கிட்டாரை எடுத்தால் பாட்டு வரவில்லை. எழுத முடியாமல் தவித்தவர், பியானோவுக்கும், மின்னணு ஒலிகளை உண்டாக்கும் சிந்தசைசருக்கும் போனார். 2000 அக்டோபரில் வந்த 'கிட் ஏ' அந்தத் தவிப்பிலிருந்து பிறந்தது. ஒரு பாட்டைக்கூடத் தனியாக சிங்கிளாக வெளியிடவில்லை. அப்படியும் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது.

அப்புறம், கிட்டாரையே காணோம் என்கிறீர்கள். நான்காவது பாட்டு 'ஹவ் டு டிஸ்அப்பியர் கம்ப்ளீட்லி'க்கு வாருங்கள். அடியில் முழுக்க அக்கூஸ்டிக் கிட்டார். அதன்மேல் வயலின் கூட்டமும், கிரீன்வுட் வாசிக்கும் ஓண்ட் மார்ட்டெனோ என்ற பழைய பிரெஞ்சு மின்னிசைக் கருவியும் மெல்ல ஏறும். கடைசியில் சுருதி கலங்கி, மறுபடி ஒன்றுசேரும். அந்த இடத்தில் எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கும்.

அவர்கள் மெட்டைக் கைவிட்டவர்கள் இல்லை என்பதற்கு 'ட்ரூ லவ் வெயிட்ஸ்' போதும். 1995லேயே மேடையில் பாடிவிட்டார்கள். ஸ்டூடியோவில் பல தடவை முயன்றும் திருப்தி வரவில்லை. 2001ல் மேடைப் பதிவு ஒன்று மட்டும் வெளியானது. ஸ்டூடியோப் பதிவு வர 2016 ஆயிற்று, 'எ மூன் ஷேப்ட் பூல்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டாக. 21 வருஷம்! இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பழையதில் கிட்டாரை வேகமாக அடித்துக்கொண்டு ஒருவன் கெஞ்சுகிறான், போகாதே என்று. புதியதில் பியானோ சொட்டுச் சொட்டாக விழுகிறது. அதே மெட்டுதான், ஆனால் இப்போது பாடுகிறவனுக்குத் தெரியும், போனவர் திரும்பப்போவதில்லை.

'நியூட்' பாட்டும் இப்படித்தான். 'ஓகே கம்ப்யூட்டர்' காலத்தில் எழுதியது, 2007ல் 'இன் ரெயின்போஸ்' ஆல்பத்தில்தான் வந்தது. விரும்பிய விலை கொடுத்து இறக்கிக்கொள்ளலாம் என்று இணையத்தில் வெளியிட்டார்களே, அதே ஆல்பம். அந்த விலைப் பேச்சில் பாட்டுகளைப் பற்றிப் பேச ஆளில்லாமல் போனது என் பெரிய வருத்தம். அவர்கள் செய்ததிலேயே மனசுக்கு மிக நெருக்கமானது அது.

சரி, ஒன்று செய்யுங்கள். 'கிட் ஏ'வைக் கொஞ்சநாள் தள்ளி வைத்துவிட்டு 'இன் ரெயின்போஸ்' கேளுங்கள். பத்தே பாட்டு, முக்கால் மணி நேரம்கூட ஆகாது. பிறகு ஒரு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்போனில் 'கிட் ஏ'வின் அந்த நான்காவது பாட்டு. கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.