பதில்: 2009 சான்ட்ரோ ஜிங் வாங்கலாமா?

நண்பரே, 70,000 கிலோமீட்டர் ஓடிய ஜிங், டைமிங் பெல்ட் (இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்துல திறந்து மூட வைக்கிற பட்டை) மாற்றியதற்கு பில் இல்லை, வாங்கலாமான்னு கேட்டிருந்தீங்க. தாராளமா வாங்குங்க, ஆனா பெல்ட் செலவை விலையில கழிச்சுடுங்க. இந்த இன்ஜின்ல செயின் கிடையாது, ரப்பர் பெல்ட்தான். ஓடும்போது அறுந்தா பிஸ்டன் இடிச்சு வால்வு வளைஞ்சுடும், இன்ஜினோட மேல்பகுதியான ஹெட்டையே கழற்றணும். "கொஞ்சம்தான் ஓடியிருக்கு"ன்னு விற்பவர் சொன்னா ஏத்துக்காதீங்க. ஓடாட்டியும் வருஷம் ஆக ஆக ரப்பர்ல வெடிப்பு விழும். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரையும் சேர்த்தே மாத்துங்க.

ஹூண்டாய் 1998-ல இருங்காட்டுக்கோட்டையில தயாரிச்சு இந்தியாவுல இறக்கின முதல் காரே சான்ட்ரோதான். அதுல பின்னாடி வந்த மாடலான ஜிங் 2014 வரைக்கும் வந்துச்சு. அதனால பழகின மெக்கானிக் ஊருக்கு ஊர் இருக்காங்க. இந்தக் காரோட உயரமான கூரையைச் சிலர் அழகில்லைன்னாங்க. முட்டிவலி உள்ள பெரியவங்க வீட்டுல இருந்தா, அவங்க சிரமமில்லாம ஏறி இறங்கும்போது அதோட அருமை தெரியும். அடிப்பக்கம் துரு இருக்கான்னு லிஃப்ட்ல ஏத்திப் பார்த்துட்டு அட்வான்ஸ் கொடுங்க.