மூணு மாசத்துக்கு ஒரு வீடு: மறதிநோய் வந்த மாமியாருக்கு இந்த முறை ஆகுமா?

கேள்வி: எனக்கு வயது 48. கோபிச்செட்டிபாளையம் பக்கம் தோட்டத்துச் சாளையில் இருக்கிறோம். மாமியாருக்கு 76. மறதிநோய் என்று தெரிந்து இரண்டு வருஷம் ஆகிறது. மூன்று மகன்களும் மூன்று மாதத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்துப் பார்க்கிறோம். எங்கள் வீடு, திருப்பூர், அப்புறம் கோவையில் சின்னக் கொழுந்தனார் ஃபிளாட். இந்தத் தடவை கோவையிலிருந்து வந்ததிலிருந்து, பொழுது சாய்ந்தால் "ஊட்டுக்குப் போகோணும்" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். ஒருநாள் தடப்பள்ளி வாய்க்கால் மேட்டில் போய் நின்றிருந்தார். வருகிற ஒறம்பரையிடமெல்லாம் "மருமக சோறே போடறதில்லை" என்கிறார். கொழுந்தனார்களோ "எங்க ஊட்ல நல்லாத்தானுங்க இருந்தாங்க" என்கிறார்கள். தூக்க மாத்திரை தரலாமா? இல்லை, ஹோமில் விடுவதுதான் சரியா?
ஒரு மருமகள், கோபி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

மாத்திரைக்கும் ஹோமுக்கும் முன்னால், நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்வோம்: "கோவையிலிருந்து வந்ததிலிருந்து." மறதிநோய் மாதக்கணக்கில் முற்றும், நாலு நாளில் முற்றாது. நாள்கணக்கில் ஒருவர் தலைகீழாக மாறினால், உடம்பில் வேறேதோ நடக்கிறதென்று பார்க்க வேண்டும். சிறுநீரில் தொற்று, பல நாள் மலச்சிக்கல், தண்ணீர் போதாமை, ரத்த அழுத்த மாத்திரை சிலவற்றால் ரத்தத்தில் சோடியம் (உப்புச் சத்து) இறங்குவது, சளிக்கென்று மெடிக்கலில் வாங்கிக் கொடுத்த மாத்திரை, எதுவாகவும் இருக்கலாம். வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று சில நேரம் காய்ச்சல்கூட இல்லாமல் வெறும் குழப்பமாகத்தான் வெளியே தெரியும். கோவையில் எங்காவது வழுக்கி விழுந்தாரா என்றும் கேளுங்கள். தலையில் லேசான அடிதானே என்று விட்டது, மண்டைக்குள் மெல்ல ரத்தம் கசிந்து சில வாரம் கழித்துக் காட்டுவதுண்டு.

எனவே இந்த வாரமே டாக்டரிடம் போங்கள். சிறுநீர், சர்க்கரை, சோடியம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறதென்று காட்டும் கிரியாட்டினின் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டும் பி12-ம் இதுவரை பார்த்ததில்லை என்றால் அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று வீட்டு மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போவது முக்கியம். மூன்று ஊரில் மூன்று டாக்டர் பார்க்கிற வீடுகளில், ஒரே மருந்து இரண்டு பெயரில் உள்ளே போய்க்கொண்டிருப்பது அபூர்வமில்லை. காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா, கண்ணாடி கோவையிலேயே தங்கிவிட்டதா என்பதையும் பாருங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால், காரணம் பெரும்பாலும் அந்த முறைதான்.

மூன்று மாதத்துக்கு ஒரு வீடு என்பது நினைவு நன்றாக இருக்கிற பெரியவர்களுக்கு நியாயமான ஏற்பாடு. மறதிநோயில் புதிதாகக் கற்பதுதான் முதலில் போகும். பாத்ரூம் எந்தப் பக்கம், சுவிட்ச் எங்கே, குடிதண்ணீர் எங்கே என்பதை வாரக்கணக்கில் தட்டுத்தடுமாறிப் பழகி முடிக்கும்போது அடுத்த வீட்டுக்கு மூட்டை கட்டியாகிவிடுகிறது. வருஷத்துக்கு நாலு தடவை இது நடக்கிறது. கொழுந்தனார்கள் சொல்வதும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. வெளியாள் வந்தால் இவர்கள் ஓரிரு மணி நேரம் தங்களைக் கூட்டிப்பிடித்து நன்றாகவே பேசுவார்கள். காலையில் போய் இரவில் வரும் மகனுக்கு அந்த நேரம்தான் கண்ணில் படும். அங்கே பகலில் பார்த்துக்கொண்டது யார் என்று விசாரித்தால் வேறு கதை கிடைக்கலாம்.

இப்போது சாயங்காலம். "இதுதானுங்க அத்தை உங்க ஊடு" என்று எத்தனை தடவை சொன்னாலும் பலிக்காது. அவர் தேடுகிற ஊடு பிறந்த ஊராக இருக்கலாம், பிள்ளைகள் சின்னதாக இருந்த காலமாக இருக்கலாம். பல நேரம் "எனக்கு இங்கே ஏதோ சரியில்லை" என்பதற்கு அவரிடம் மிச்சமிருக்கும் ஒரே சொல் அதுதான். முதலில் உடம்பைக் கேளுங்கள்: பசியா, ஒன்றுக்குப் போக வேண்டுமா, மூட்டுவலியா? பிறகு "ஊட்ல யாருங்க இருக்காங்க?" என்று பேச்சை அவர் பக்கமே திருப்பி, பையை வாங்கிக்கொண்டு கூடவே நடங்கள். களத்தைச் சுற்றி பத்து நிமிஷம் நடந்து வேறு வழியாக வாசலுக்கு வந்தால், பாதி நாள் உள்ளே வந்துவிடுவார்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது, கிளம்புகிற நேரத்துக்கு ஒரு மணி முன்பே தொடங்குவது. மத்தியானத் தூக்கம் அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மூன்று மணிக்கு மேல் காபி, டீ வேண்டாம். காலையில் அரை மணி நேரம் வெளி வெளிச்சத்தில் உட்காரட்டும், இரவுத் தூக்கத்துக்கு உதவும். நாலு மணிக்கு ஏதாவது சாப்பிடக் கொடுத்துவிட்டு, ஐந்து மணிக்கே, இருட்டும் முன்பே, விளக்குகளைப் போட்டுவிடுங்கள். மங்கிய வெளிச்சத்தில் நிழலும் ஜன்னல் கண்ணாடியில் தெரியும் உருவமும் அவருக்கு ஆளாகத் தெரியும். நாற்பது ஐம்பது வருஷம் அந்த நேரத்தில் மாடு கட்டி, பால் பீச்சி, சொசைட்டிக்கு ஊற்றிய கைகளாக இருந்தால், பொழுது சாயும்போது அவை பரபரக்கத்தான் செய்யும். அந்தக் கைகளுக்கு வேலை கொடுங்கள். அரைப்படி கடலைக்காய் உரிக்க, முருங்கைக்கீரை உருவ, முறத்தில் அரிசி பார்க்க. சரியாகச் செய்தாரா என்று பார்க்காதீர்கள். தொல்லை தொடங்குவதற்கு முன் என்ன நடந்தது, என்ன செய்தார், நீங்கள் என்ன செய்தீர்கள், எப்படி முடிந்தது என்று ஒரு நோட்டில் பதினான்கு நாள் எழுதி வாருங்கள். டிவி சீரியல் சண்டைச் சத்தம், ஆள் கூட்டம், ஈரச்சேலை என்று இரண்டு மூன்று காரணங்கள் திரும்பத் திரும்ப வருவது தெரியும்.

வாய்க்கால் விஷயத்தில் மட்டும் காத்திருக்க வேண்டாம். தோட்டத்துக் கிணற்றுக்கு மார்பளவு சுவரோ கம்பி வலையோ உடனே வேண்டும். கதவுத் தாழ்ப்பாள் அவர் கண்மட்டத்தில் இல்லாமல் உச்சியில் இருக்கட்டும், கதவில் ஒரு மணி தொங்கட்டும். ஆனால் அவரைத் தனியே உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். தீப்பிடித்தால் வெளியே வர முடியாது. ஃபோன் நம்பர் பொறித்த வளையம் கையில் இருக்கட்டும், இந்த மாதம் எடுத்த போட்டோ ஃபோனில் இருக்கட்டும். காணவில்லை என்றால் முதலில் கிணறும் வாய்க்காலும், பிறகு அவர் பிறந்த ஊர் போகும் ரோடும் பஸ் ஸ்டாப்பும். கால் மணி நேரத்தில் கிடைக்கவில்லை என்றால் 112. ஒருநாள் பொறுத்துத்தான் போலீசில் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

"சோறே போடறதில்லை" என்பது உங்களைத் தைக்கிறது, புரிகிறது. சாப்பிட்ட நினைவு அவரிடம் பதியவே இல்லை, அதனால் அவர் கணக்கில் அது உண்மை. மூன்று வேளையை ஐந்து சின்ன வேளையாகப் பிரியுங்கள். சாப்பிட்ட தட்டைக் கொஞ்ச நேரம் கழுவாமல் பக்கத்திலேயே வையுங்கள். மாதம் ஒருமுறை எடை பார்த்து எழுதுங்கள். 50 கிலோ உள்ளவர் ஒரே மாதத்தில் இரண்டரைக் கிலோ குறைந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஒறம்பரைக்கு உங்கள் வீட்டுக்காரர் ஒரு ஃபோன் போட்டு நோயைச் சொல்லிவிடட்டும். அந்த விளக்கத்தை மருமகள் சொன்னால் எடுபடாது.

தூக்க மாத்திரை வேண்டாம். இரவில் எழுந்து தள்ளாடி விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்கு அது நேர்வழி. அடக்குவதற்கென்று தரப்படும் மனநோய் மருந்துகளுக்கு, மறதிநோய் உள்ளவர்களிடம் பக்கவாதமும் மரணமும் கூடுகிறது என்ற எச்சரிக்கை 2005-க்குள்ளேயே அமெரிக்காவில் வந்துவிட்டது. தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலை வந்தால் மட்டும் மனநல மருத்துவர் மிகக் குறைந்த அளவில் தருவார். ஆறு வாரத்துக்கு ஒருமுறையாவது இது இன்னும் வேண்டுமா என்று கேட்டே ஆக வேண்டும்.

ஹோம் தப்பில்லை, பாவமும் இல்லை. ஆனால் இப்போதைய நிலையில் அது இன்னொரு வீட்டு மாற்றம். இங்கிலாந்தில் 69 பராமரிப்பு இல்லங்களில் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், ஊழியர்களுக்கு ஆளறிந்து பார்க்கும் முறையைப் பயிற்றுவித்து, வாரத்தில் ஒரு மணி நேரம் அவரவருக்குப் பிடித்ததை வைத்துப் பேசிப் பழகியதில், வாழ்க்கைத் தரம் கூடி, பரபரப்பு குறைந்தது. ஒரு நாள் ஹோம் பார்க்கப் போனால் ஏ.சி. அறையைப் பார்க்காதீர்கள். பகலில் ஒரு பணியாளுக்கு எத்தனை பேர், சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள்.

நமக்கு நெருக்கமான பாடம் கோவாவில் இருக்கிறது. அங்கே 81 குடும்பங்களில் நடந்த ஆய்வு 2008-ல் வெளியானது. உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி தந்து வீடு வீடாக அனுப்பி, நோயை விளக்கி, தொல்லைகளைச் சமாளிக்கச் சொல்லிக்கொடுத்ததில், பார்த்துக்கொள்பவர்களின் மனநலம் தேறியது. அதாவது உதவி நோயாளிக்கு மட்டும் போனால் போதவில்லை, உங்களுக்கும் வந்தாக வேண்டும்.

ஆகவே மகன்கள் மூவரையும் உட்காரவைத்து இதைக் கேளுங்கள்: அம்மா ஒரே வீட்டில் இருக்கட்டும், முறை ஆட்களுக்கு இருக்கட்டும். தோட்டத்துச் சாளை அவர் அதிக வருஷம் வாழ்ந்த இடம் என்றால் அதுவே நல்லது. திருப்பூர்க் குடும்பம் மாதத்தில் இரண்டு சனி மாலை வந்து ஞாயிறு மாலை வரை இருக்கட்டும், ஓர் இரவு கட்டாயம். கோவைக்காரர் பகல் நேர உதவியாளின் சம்பளமும், ஆஸ்பத்திரி நாட்களும் ஏற்கட்டும். சொத்துப் பேச்சை அன்று எடுக்காதீர்கள், முறைப் பேச்சு அதில் முழுகிப்போகும். பிரஷர், சர்க்கரை மாத்திரைக்கு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டுக்கே வரும். முதியோர் உதவிக்கு 14567 என்ற ஃபோன் நம்பர் இருக்கிறது.

ஒரே ஒரு தாளில் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டுங்கள்: மாத்திரை நேரம், அவருக்குப் பிடித்த சாப்பாடு (அரிசியும்பருப்பும் என்றால் அதை எழுதுங்கள்), எந்தச் சொல்லுக்கு அடங்குவார், எதற்குக் கோபப்படுவார், இரவில் எந்த விளக்கு எரிய வேண்டும். கொழுந்தனார் குடும்பம் வந்து இறங்கியதும் நீங்கள் கோபி பஸ் ஸ்டாண்டுக்குப் போய் உங்கள் பொறந்த ஊட்டுக்கு பஸ் ஏறிவிடுங்கள். சாளையிலேயே இருந்தால் "அண்ணி, மாத்திரை எங்கீங்க?" என்று கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள்.