சீழ் நாறுகிறது, ரிப்போர்ட்டில் கிருமி இல்லையாம்

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, சர்க்கரை உண்டு. புளியரை வயலில் வரப்பு வெட்டும்போது மண்வெட்டி பாதத்தில் பட்டுவிட்டது. காப்பித்தூள் அப்பிக் கட்டினோம். மெடிக்கலில் மாத்திரை வாங்கி நான்கு நாள் கொடுத்தோம். இப்போது பத்து நாளாகிறது, கால் வீங்கி நாற்றத்தோடு சீழ் வருகிறது. கல்ச்சரில் கிருமியே இல்லை என்கிறார்கள். எப்படி டாக்டர்?
- வாசகர், செங்கோட்டை

பதில்: இதில் ரிப்போர்ட்டை விட உங்கள் மூக்கு சொல்வதுதான் சரி. சாதாரண கல்ச்சரில் சீழைத் தட்டில் தடவிக் காற்றோட்டத்தில்தான் வளர்ப்பார்கள். ஆக்சிஜன் பட்டாலே வளராத, சிலது செத்தே போகிற கிருமிகள் இருக்கின்றன, அனரோப் என்போம், அவை அதில் தலைகாட்டாது. பஞ்சுக்குச்சியால் மேலாகத் துடைத்து எடுத்திருந்தால் லேபுக்குப் போகும் வழியிலேயே கதை முடிந்திருக்கும். கூட இருக்கும் மற்ற கிருமிகளை நீங்கள் கொடுத்த மாத்திரை அடக்கியிருக்கலாம். ஆனால் அந்த அழுகல் வாடை அனரோப் வேலைதான்.

வயல் மண், சாணி, நம் குடல், பல் ஈறு எல்லா இடத்திலும் இவை உண்டு. ரத்தம் நன்றாக ஓடுகிற சதையில் பிழைக்காது. அப்பாவுக்கோ சர்க்கரையால் பாதத்தில் ரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம், வெட்டுப்பட்டு நசுங்கிய சதை, மேலே தூளை அப்பி இறுக்கி ஒரு கட்டு, அப்புறம் என்ன வேண்டும் அதற்கு? காப்பித்தூளை டம்ளரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மாத்திரை மட்டும் போதாது. ரத்தம் போகாத சதைக்குள் மருந்தும் போகாது. சர்ஜன் திறந்து சீழை வடித்து, செத்ததை வெட்டியெடுத்து, தைக்காமல் விடுவார், அதற்காக அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அங்கே ஆழத்திலிருந்து சதைத் துணுக்கு எடுத்துக் காற்றுப்படாமல் அனுப்பினால் கிருமி தெரியவரும். மெட்ரோனிடசோல் அனரோப்பைக் கொல்லும், கூட்டாளிகளுக்கு வேறு மருந்து சேர்ப்பார்கள். சர்க்கரைக்குக் கொஞ்ச நாள் இன்சுலின் தேவைப்படலாம். டி.டி. ஊசி போட்டாயிற்றா என்றும் கேளுங்கள், டெட்டனஸ் கிருமியும் இதே வகையறாதான்.

இப்போதே புண்ணைச் சுற்றி விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். தோலுக்கடியில் நறநறவென்றிருந்தாலோ, தோல் கறுத்து கருஞ்சிவப்புக் கொப்புளம் வந்திருந்தாலோ, காய்ச்சலோடு பிதற்றினாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். கேஸ் கேங்கரினாக, அதாவது கிருமி சதைக்குள் வாயு உண்டாக்கி அழுக வைக்கிற நோயாக இருந்தால் சில மணி நேரத்தில் கால் முழுக்க ஏறிவிடும். வலி இல்லையே என்று இருக்காதீர்கள், சர்க்கரையில் நரம்பு மரத்துப்போனவருக்கு வலி தெரியாது.

இவை எதுவும் இல்லை என்றாலும் இன்றைக்கே தென்காசி அரசு தலைமை மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். காலைத் தரையில் ஊன்ற விடாதீர்கள். ரிப்போர்ட்டோடு அந்த மாத்திரை அட்டையையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.