இலங்கையா இந்தியாவா, கல்விக்கு எந்த அரசு அதிகம் செலவழித்தது?

"இலங்கை ஆரம்பத்திலிருந்தே கல்விக்கு அள்ளிக் கொடுத்த நாடு, இந்தியா அப்படியில்லை, உண்மைதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ படித்தவராக இருக்க வேண்டும். எங்கள் மலையகத்தில், அதாவது இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டப் பகுதியில், யாரும் இதை இப்படிக் கேட்க மாட்டார்கள்.

முதலில் கணக்கு. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் எத்தனை வீதம் என்று பார்த்தால் தொடக்கத்தில் இலங்கை வெகுதூரம் முன்னால்தான். 1951-52இல் இந்தியா கல்விக்குக் கொடுத்தது 0.64 வீதம். இலங்கை 1960களில் 4 வீதத்தைத் தாண்டியது. அப்புறம் நிலைமை தலைகீழானது: இந்தியா மெல்ல ஏறி 1990களில் 4 வீதத்தை ஒட்டி வந்தது, இலங்கை இறங்கி இறங்கி 2 வீதத்தின் பக்கம் வந்து நின்றது. 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் 6 வீதம் கேட்டு மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்களே, அது இதற்காகத்தான். இந்தியாவைத் தூக்கிப் பிடிக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், இந்தியக் கல்வியை ஆராய்ந்த கோத்தாரி ஆணைக்குழு சொன்ன அதே 6 வீதத்தை 1968 கல்விக் கொள்கையில் ஏற்றுக்கொண்டும் அவர்களும் இன்னும் எட்டவில்லை. ஒப்பிடும்போது டெல்லி பட்ஜெட்டை மட்டும் எடுத்துவிடாதீர்கள், அங்கே பெரும்பகுதியைச் செலவழிப்பது மாநில அரசுகள்.

ஆனால் அந்த 4 வீதம் யாருக்குப் போனது? அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்தது. எங்களுக்கு வரவில்லை. தோட்டப் பாடசாலைகள் தோட்டங்களை நடத்திய துரைமார் கையில் இருந்தன, 1948இல் குடியுரிமையும் போனது. அரசு அந்தப் பாடசாலைகளைப் பொறுப்பெடுத்தது 1970களில், அதுவும் பெரும்பாலும் 1977க்குப் பிறகு. நாட்டுக்கு அந்நியச் செலாவணி கொண்டு வந்ததில் தேயிலைதான் முதலிடத்தில் இருந்த காலம் அது.

என் அப்பா மஸ்கெலியாப் பக்கத் தோட்டமொன்றில் படித்தார். ஒரே அறை, ஒரே வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு சரி, அதற்கு மேல் மலைக்கு வேலைக்குப் போக வேண்டியதுதான். பெரியப்பா குடும்பம், தோட்டத் தமிழரில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 1970களில் கப்பலேறி, நீலகிரியில் தமிழ்நாடு அரசின் தேயிலை நிறுவனமான டான்டீயின் தோட்டத்துக்குப் போனது. அங்கேயும் லயம் என்ற வரிசை வீடு, அங்கேயும் குளிர், அங்கேயும் கொழுந்து பறிப்பு. ஆனால் நடக்கிற தூரத்தில் அரசுப் பள்ளி இருந்தது, மத்தியானம் சத்துணவு இருந்தது. பெரியப்பா மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நர்ஸ் ஆனார். அதே வயது என் சொந்த அக்கா இங்கே எட்டோடு நின்றாள், மேல் வகுப்பு டவுனில்தான் இருந்தது, பஸ்ஸுக்குக் காசில்லை. எழுத்தறிவில் இலங்கை இந்தியாவை விட எங்கேயோ மேலே இருந்தது என்று எல்லோரும் எழுதும் காலம் அது.

ஒரு குடும்பத்தை வைத்து இரண்டு நாட்டைப் பேசாதே என்பீர்கள். சரி, பேசவில்லை. 1980இலிருந்து இலவசப் பாடநூல், 1993இலிருந்து சீருடை, இரண்டும் எங்கள் பிள்ளைகளுக்கும் கிடைத்தன, அதை மறைக்க மாட்டேன். ஆனால் மலையகத்துக்கு வந்த பெரிய முதலீட்டில் சுவீடன், ஜெர்மன் பணம் நிறைய இருக்கிறது. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி ஜெர்மன் உதவியில் வந்தது. அதையெல்லாம் அரசு தன் கையிலிருந்து கொடுத்ததாக எண்ணிவிடக் கூடாது.

எட்டோடு நின்ற அந்த அக்காவின் மகள் ஏ.எல். (உயர்தரம்) முடித்து 2015இல் தோட்டப் பாடசாலைக்கு ஆசிரியர் உதவியாளராகப் போனாள். மாதம் 6,000 ரூபாய் கொடுப்பனவு. வகுப்பில் முழு ஆசிரியர் வேலை, கையில் வாடகைக்கும் பஸ்ஸுக்கும் பத்தாத காசு.   

நீங்கள் கட்டுரைக்காகத்தான் கேட்கிறீர்கள் என்றால் மாகாண சபைகளின் செலவையும் சேர்த்து எடுங்கள், தோட்டங்கள் நிறைந்த நுவரெலியா மாவட்டத்தைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள். 1977க்கு முந்திய இலங்கையின் எண் எதுவாக இருந்தாலும், தோட்டப் பிள்ளைகளுக்கு அதில் பெரிய பங்கிருந்ததாக எழுதிவிடாதீர்கள்.