அத்தையின் பேச்சைப் பாதியில் நிறுத்தியவருக்கு

கேள்வி: எனக்கு வயது 47. மூன்று ஆண்டுகளாக எங்கள் குடும்ப வரலாற்றைத் தேடித் தொகுத்து வருகிறேன். பிறப்பு, இறப்புப் பதிவேடுகள், பழைய பத்திரங்கள், கடிதங்கள் எனப் பலவற்றையும் பார்த்து, ஏழு தலைமுறை வரை 312 பெயர்களை வம்சாவளிப் படத்தில் சேர்த்துவிட்டேன். அண்மையில் 84 வயதான என் அத்தையுடன் தொலைபேசியில் பேசி, இரண்டு வயதில் இறந்துபோன அவருடைய தம்பியின் பெயரையும் ஆண்டையும் தெரிந்துகொண்டேன்; அவர் பேச ஆரம்பித்தால் கதை நீண்டுவிடும் என்பதால் அத்துடன் முடித்துக்கொண்டேன். இவ்வளவு உழைத்தும் மனத்தில் நிறைவு இல்லை. பிள்ளைகளும் படத்தை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. இந்தத் தேடலால் எனக்கு என்னதான் கிடைக்கப்போகிறது?

பதில்: உங்கள் கடிதத்தில் 312 என்ற எண்ணைப் பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். போகிற போக்கில் எழுதிய இன்னொரு வரிதான் என்னை மேலே படிக்கவிடாமல் நிறுத்தியது. ‘கதை நீண்டுவிடும் என்பதால் அத்துடன் முடித்துக்கொண்டேன்’ என்கிறீர்கள். என்ன கிடைக்கும் என்று என்னிடம் கேட்கும் நீங்கள், கிடைக்கவிருந்ததை உங்கள் கையாலேயே நிறுத்தியிருக்கிறீர்கள்.

அந்தக் குழந்தை இறந்து எழுபது ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருக்கும். அவன் முகத்தைப் பார்த்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவர் அநேகமாக உங்கள் அத்தை ஒருவர்தான். அவன் எப்படிச் சிரித்தான், யார் தூக்கினால் அழுகையை நிறுத்தினான், அவன் போன பிறகு அந்த வீட்டில் அவன் பெயரைச் சொல்ல யாருக்குத் துணிவு இருந்தது, யாருக்கு இல்லை என்பதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவற்றை இத்தனை ஆண்டுகள் மனத்தில் சுமந்தவர், கேட்பதற்கு ஒருவர் வந்தாரே என்று வாயைத் திறந்தபோது, நீங்கள் ஆண்டைக் குறித்துக்கொண்டு தொலைபேசியை வைத்துவிட்டீர்கள். இதை வேலை மிகுதி என்றோ நேரமின்மை என்றோ என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. பெரியவர் ஒருவர் துக்கத்தைச் சொல்ல வரும்போது இருந்து கேட்பது இளையவர்களின் கடமை. அதில் நீங்கள் தவறியிருக்கிறீர்கள்.

பதிவேடுகளைத் தேடுவது வீண் என்று நான் சொல்லவில்லை. பெரியவர்களின் நினைவில் ஆண்டுகள் முன்பின்னாக மாறும். அவற்றை ஆவணங்களோடு ஒப்பிட்டுத்தான் தீர வேண்டும். ஆனால் ஆவணத்தையும் மனிதர்கள்தானே எழுதினார்கள்? இறப்புப் பதிவில் காணப்படும் வயதுகூட, துக்கத்தில் இருந்த உறவினர் ஒருவர் நினைவிலிருந்து சொல்ல, எழுத்தர் எழுதிக்கொண்டதாகவே பெரும்பாலும் இருக்கும். உங்கள் அத்தையின் சொல்லைவிட அது எப்போதும் உயர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

பெயர்களைச் சேர்த்துக்கொண்டே போனால் நிறைவு வரும் என்பதும் நடக்காத காரியம். பெற்றோர் இருவர், அவர்களைப் பெற்றவர் நால்வர் என்று ஒவ்வொரு படியிலும் எண்ணிக்கை இரட்டிக்கும். பத்தாவது படியில் மட்டும் 1,024 இடங்கள் இருக்கும். அந்த 1,024 பேரில் பலருடைய மரபணுவின் ஒரு துணுக்குகூட உங்கள் உடலுக்கு வந்து சேர்ந்திருக்காது. ஒவ்வொரு தலைமுறையிலும் பாதிதான் பிள்ளைக்குச் செல்கிறது என்பதால், தொலைவிலுள்ளவர்களின் பங்கு சிறுகச் சிறுக அறுந்துபோகிறது. இரத்தம் கொண்டுவந்து சேர்க்காதவரைப் பேச்சு கொண்டுவந்து சேர்க்கும். அந்தப் பேச்சைத்தான் நீங்கள் நடுவில் வெட்டினீர்கள்.

உங்கள் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர்கள் மார்ஷல் டியூக்கும் ராபின் ஃபிவுஷும், 2000-களின் தொடக்கத்தில், பிள்ளைகளுக்குத் தங்கள் குடும்பத்தைப் பற்றி எவ்வளவு தெரியும் என்று அறிய 20 கேள்விகளை உருவாக்கினார்கள். பெற்றோர் எப்படிச் சந்தித்தார்கள், பாட்டனும் பாட்டியும் எங்கே வளர்ந்தார்கள் என்பன போன்ற, பிள்ளைகள் நேரில் கண்டிருக்க முடியாத, யாராவது சொல்லியே தெரிந்துகொள்ளக்கூடிய செய்திகள் அவை. அதிகம் தெரிந்திருந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும், வாழ்க்கை தங்கள் கைக்குள் இருக்கிறது என்ற உணர்வும் கூடுதலாகக் காணப்பட்டன. இதைப் படித்துவிட்டு, விடைகளை மனப்பாடம் செய்யவைத்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள்; அவ்விடைகள் வந்து சேரும் வழி, அதாவது வீட்டில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசுவதும் பிள்ளைகள் கேட்பதும்தான் முக்கியம் என்று அந்த ஆய்வாளர்களே விளக்கியிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குக் காட்டப்பட்டது பெயர்கள் நிறைந்த ஒரு படம். அதை அவர்கள் ஏறெடுத்துப் பார்க்கவில்லை என்று குறைப்படுவதற்கு உங்களுக்கு நியாயம் இல்லை.

இனிச் செய்ய வேண்டியதைக் கேளுங்கள். தொலைபேசி வேண்டாம்; நேரில் செல்லுங்கள், பிள்ளைகளில் ஒருவரையாவது உடன் அழைத்துச் செல்லுங்கள். கேள்விப் பட்டியலோடு போகாதீர்கள். வீட்டில் இருக்கும் பழைய புகைப்படங்களை எடுத்துச் சென்று அவர் கையில் கொடுங்கள். முகங்களைப் பார்க்கும்போது வருகிற நினைவு, ‘எந்த ஆண்டு?’ என்று கேட்கும்போது வருவதில்லை. ஆண்டைத் தவறாகச் சொன்னால் குறுக்கிட்டுத் திருத்த வேண்டாம், வீட்டுக்கு வந்து சரிபார்த்துக்கொள்ளலாம். அவர் சம்மதித்தால் மட்டும் குரலைப் பதிவு செய்யுங்கள். வெளியே சொல்ல வேண்டாம் என்று எதையாவது சொன்னால், அது உங்கள் படத்தில் ஏறக்கூடாது. அழுதால் பேச்சை மாற்றாதீர்கள்.

இதே ஏக்கத்தோடு எனக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, கேட்டிருக்க வேண்டியவர் காலமான பிறகு எழுதப்பட்டவை. அவர்களுக்கு ஆறுதல் சொல்வதைத் தவிர என்னால் வேறெதுவும் செய்ய முடிந்ததில்லை. உங்கள் அத்தை இருக்கிறார்; அதனால்தான் உங்களுக்கு ஆறுதல் சொல்லாமல் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன். இந்த வாரமே புறப்படுங்கள். அன்று பேச்சை முடித்துக்கொண்டதற்கு முதலில் மன்னிப்புக் கேளுங்கள். பிறகு அந்தத் தம்பியின் பெயரைச் சொல்லி, அவன் எப்படி இருப்பான் என்று கேளுங்கள். அதற்குமேல் நீங்கள் பேச வேண்டியதில்லை.