லினக்ஸ் நிறுவும்போது பயனர் கணக்கும் மென்பொருள் தேர்வும்: கேள்வி பதில்

2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டதால், நல்ல நிலையில் இருக்கும் மடிக்கணினியைக் கழித்துப்போட மனமில்லாமல் அதில் டெபியன் லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தை நிறுவ முன்வந்திருக்கும் சிங்கப்பூர் அன்பர்கள் பலர் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். பெரும்பாலான கேள்விகள் நிறுவியின் இரண்டு திரைகளைப் பற்றியவை: ஒன்று பயனர் கணக்கு, மற்றது மென்பொருள் தேர்வு. மென்பொருளை எந்த நாளிலும் சேர்க்கலாம், நீக்கலாம். கணக்கைப் பற்றி அன்று எடுக்கும் முடிவோ அந்தக் கணினி இருக்கும்வரை கூடவே வரும். ஆகவே முதல் திரையில் நிதானமாக இருங்கள், இரண்டாவதில் குறைவாகத் தேர்ந்தெடுங்கள் என்பதே என் நிலை. பதில்கள் டெபியன் 13ஐ மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

கேள்வி (ஜூரோங் வெஸ்ட்): ஐயா, ரூட், அதாவது எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும் திரையில் எதுவும் தட்டாமல் தொடரலாம் என்கிறார்கள். கடவுச்சொல் இல்லாமல் விடுவது ஆபத்து இல்லையா?

பதில்: ஆபத்து இல்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் ரூட் கணக்கு கடவுச்சொல் இல்லாமல் திறந்து கிடக்கும் என்று பலர் அஞ்சுகிறார்கள். உண்மையில் நடப்பது நேர்மாறானது: நிறுவி ரூட் கணக்கைப் பூட்டிவிடுகிறது, சாதாரணப் பயனர் நிர்வாகக் கட்டளைகளை இயக்க உதவும் சுடோ என்னும் பொதியை (மென்பொருள் தொகுப்பை) நிறுவுகிறது, அடுத்து நீங்கள் உருவாக்கும் முதல் பயனரை சுடோ குழுவில் சேர்த்துவிடுகிறது. அதன்பின் நிர்வாக வேலை எதுவானாலும் உங்கள் சொந்தக் கடவுச்சொல்லைக் கொடுத்துச் செய்யலாம். ஒருமுறை கொடுத்தால், இயல்பான அமைப்பில் அடுத்த 15 நிமிடங்களுக்கு அதே முனையத்தில் (கட்டளைகளைத் தட்டும் சாளரத்தில்) மீண்டும் கேட்காது. யார் எந்தக் கட்டளையை இயக்கினார்கள் என்பதும் கணினியின் பதிவேட்டில் நிற்கும். வீட்டுக் கணினிக்கு இதையே பரிந்துரைப்பேன்.

இதற்கு ஒரு குறையும் உண்டு. வட்டில் பழுது ஏற்பட்டுக் கணினி அவசரநிலைத் திரைக்குச் சென்றால், அது ரூட் கடவுச்சொல்லைத்தான் எதிர்பார்க்கும். ரூட் கணக்கு பூட்டப்பட்டிருப்பதால் அங்கே உங்களை உள்ளே விடாது. அப்போது நிறுவல் யுஎஸ்பியைச் செருகி, மேம்பட்ட தெரிவுகளுக்குள் இருக்கும் மீட்பு முறை வழியாகத்தான் நுழைய வேண்டும். ஆகவே நிறுவிய யுஎஸ்பியை அழித்து வேறு வேலைக்குப் பயன்படுத்தாமல் மேசை இழுப்பறையில் பத்திரமாக வைத்திருங்கள். அலுவலகத்தில் திரையும் விசைப்பலகையும் இல்லாமல் மூலையில் ஓடும் கணினியாக இருந்தால், ரூட்டுக்கு ஒரு வலுவான கடவுச்சொல்லை வைத்து, எழுதிப் பூட்டி வைப்பதும் முறையானதே.

கேள்வி (சுவா சூ காங்): நான் ரூட் கடவுச்சொல் கொடுத்தே நிறுவிவிட்டேன். இப்போது சுடோ போட்டால், என் பெயர் சுடோயர்ஸ் கோப்பில் (சுடோ அனுமதி பெற்றவர்களின் பட்டியலில்) இல்லை என்று திருப்பி அனுப்புகிறது. மறுபடியும் முதலிலிருந்து நிறுவ வேண்டுமா?

பதில்: வேண்டாம். ரூட்டுக்குக் கடவுச்சொல் கொடுத்தால், நிர்வாகத்தை ரூட்டே பார்த்துக்கொள்ளும் என்று நிறுவி எடுத்துக்கொள்கிறது. உங்கள் பெயரை சுடோ குழுவில் சேர்க்காமல் விட்டது அதனால்தான்.

முனையத்தைத் திறந்து, எஸ்யூ என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோட்டையும் தட்டி என்டரை அழுத்துங்கள். ரூட் கடவுச்சொல்லைக் கொடுங்கள். பிறகு ஆட்யூசர், இடைவெளி, உங்கள் பயனர்பெயர், இடைவெளி, சுடோ என்று ஒரே வரியில் எழுதுங்கள். அந்தச் சிறு கோட்டை விட்டுவிடாதீர்கள். டெபியன் 10 முதல், கோடில்லாத எஸ்யூ உங்கள் பழைய தேடல் பாதையையே (கட்டளைகளைத் தேடும் அடைவுகளின், அதாவது கோப்புறைகளின் பட்டியலையே) வைத்துக்கொள்கிறது. நிர்வாகக் கட்டளைகள் இருக்கும் அடைவு அந்தப் பாதையில் இல்லாததால், ஆட்யூசர் என்று ஒரு கட்டளையே இல்லை என்று கணினி சாதிக்கும். பலர் இந்த இடத்தில் நின்று, கணினி கெட்டுவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

இதையே யூசர்மாட் கட்டளையால் செய்யச் சொல்லும் குறிப்புகளும் உலவுகின்றன. அதில் பெரிய எழுத்து ஜியுடன் சிறிய எழுத்து ஏயும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஏ இல்லாவிட்டால் புதிய குழு சேர்வதோடு நிற்காது, ஒலி, காணொளி, நெட்வொர்க் என்று நீங்கள் ஏற்கெனவே இருந்த மற்ற துணைக் குழுக்களிலிருந்தும் நீக்கப்படுவீர்கள். எந்த வழியில் செய்தாலும், வெளியேறி மறுபடி உள்நுழைந்த பிறகுதான் புதிய குழு நடப்புக்கு வரும்.

கேள்வி (தெம்பனிஸ்): அடையாள அட்டையில் உள்ளபடி 'எஸ்/ஓ' சேர்த்து என் முழுப்பெயரைப் பயனர்பெயராகக் கொடுத்தேன். ஏற்க மறுக்கிறது.

பதில்: நிறுவி இரண்டு பெயர்களைக் கேட்கிறது. முதலில் கேட்பது முழுப்பெயர். அது உள்நுழைவுத் திரையிலும், சில மின்னஞ்சல் மென்பொருள்களில் அனுப்புநர் பெயராகவும் தெரியும், அவ்வளவுதான். அடையாள அட்டையில் உள்ளபடி இருக்க வேண்டிய அவசியம் இல்லை. மற்றவர்கள் உங்களை எப்படி அழைக்கிறார்களோ அப்படியே கொடுக்கலாம்.

இரண்டாவது பயனர்பெயர். அது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தொடங்க வேண்டும், அதன்பின் சிறிய எழுத்துகளும் எண்களும் வரலாம். சாய்கோடு, இடைவெளி, தமிழ் எழுத்து ஆகியவற்றை ஏற்காது. கணினி தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் மெயில், கேம்ஸ், பேக்கப் போன்ற பெயர்களையும் தராது. சுருக்கமான, பல ஆண்டுகள் மாற்றத் தேவைப்படாத ஒரு பெயரைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் இல்ல அடைவின் பெயரும் அதுவே என்பதால், பின்னாளில் மாற்றுவது வீண் அலைச்சல்.

கடவுச்சொல்லைத் தட்டும்போது, அதை வெளிப்படையாகக் காட்டும் சிறு கட்டத்தை ஒருமுறை தேர்வுசெய்து பாருங்கள். விசைப்பலகை அமைப்பைத் தவறுதலாக பிரிட்டிஷ் என்று தேர்ந்தெடுத்திருந்தால், இங்கே விற்கும் கணினிகளின் அமெரிக்க விசைப்பலகையில் '@' குறியை அழுத்தும்போது மேற்கோள் குறி விழும். நீங்கள் நினைத்த கடவுச்சொல்லும் பதிவான கடவுச்சொல்லும் வேறு வேறாகிவிடும்.

கேள்வி (செங்காங்): அண்ணா, உயர்நிலை ஒன்றில் மகளும் தொடக்கநிலை நான்கில் மகனும் படிக்கிறார்கள். வீட்டில் ஒரே மடிக்கணினி. எல்லாருக்கும் ஒரே கணக்கு போதாதா?

பதில்: போதாது, தங்கையே. ஆளுக்கு ஒரு கணக்கு கொடுங்கள். நிறுவி ஒரே ஒரு பயனரை மட்டும் உருவாக்கும். அது சுடோ அனுமதி உள்ள கணக்கு என்பதால் உங்கள் பெயரில் இருக்கட்டும். பிள்ளைகளின் கணக்குகளை நிறுவிய பிறகு சேர்த்துக்கொள்ளலாம். க்னோம் என்னும் டெஸ்க்டாப் சூழலை வைத்திருந்தால் அமைப்புகளில் பயனர்கள் பகுதிக்குச் சென்று சாதாரண பயனராகச் சேர்க்கலாம். முனையத்தில் என்றால் சுடோவுடன் ஆட்யூசர் கட்டளையைப் போட வேண்டும். அது அறை எண், அலுவலகத் தொலைபேசி, வீட்டுத் தொலைபேசி என்றெல்லாம் கேட்கும். எதையும் நிரப்ப வேண்டாம், என்டரைத் தட்டிக்கொண்டே போகலாம்.

டெபியன் 12 முதல், ஆட்யூசர் உருவாக்கும் இல்ல அடைவை அதன் உரிமையாளர் மட்டுமே திறக்க முடியும். மகளின் பள்ளிக் கட்டுரையைத் தம்பி தெரியாமல் அழித்துவிடும் பேச்சுக்கே இடமில்லை. சுடோ குழுவில் இல்லாததால் கணினி முழுவதற்குமான மென்பொருளை அவர்கள் நிறுவவோ நீக்கவோ முடியாது. உங்கள் வங்கிக் கணக்கைத் திறக்கும் உலாவியும் அவர்கள் விளையாடும் உலாவியும் தனித்தனியாக இருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே தனிக்கணக்கு வேண்டும் என்பேன்.

கேள்வி (ஈசூன்): மென்பொருள் தேர்வுத் திரையில் எக்ஸ்எஃப்சிஇ என்னும் இலகுவான டெஸ்க்டாப்பின் வரிக்குப் போய் என்டரை அழுத்தினேன். நிறுவி முடித்துப் பார்த்தால் க்னோம் வந்திருக்கிறது. 4 ஜிபி நினைவகம்தான், தடுமாறுகிறது.

பதில்: அந்தத் திரையில் இடைவெளி விசைதான் தேர்வுக் குறியை வைக்கும், எடுக்கும். என்டர் அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோய்விடும். நீங்கள் அழுத்தியபோது, ஏற்கெனவே குறி இருந்த டெபியன் டெஸ்க்டாப், க்னோம் ஆகிய இரண்டும் அப்படியே ஏற்கப்பட்டுவிட்டன. க்னோமின் குறியை எடுத்துவிட்டு டெஸ்க்டாப்பை மட்டும் விட்டாலும் க்னோமே வரும், ஏனென்றால் இயல்புத் தேர்வு அதுதான். எக்ஸ்எஃப்சிஇ வேண்டுமானால் க்னோமை எடுத்துவிட்டு அந்த வரியில் குறி வைக்க வேண்டும். இப்போது மறுநிறுவல் தேவையில்லை. முனையத்தில் டாஸ்க்செல் என்னும் கட்டளையை சுடோவுடன் இயக்கினால் அதே திரை மீண்டும் வரும்.

அதே பட்டியலில் உள்ள வலைச் சேவையகத்தைத் தேவையில்லாமல் தேர்ந்தெடுக்காதீர்கள். அது அப்பாச்சியை நிறுவி, அப்போதிருந்தே ஓடவிட்டுவிடும். எஸ்எஸ்எச் சேவையகமும் அப்படித்தான்: வேறு கணினியிலிருந்து இதற்குள் நுழையும் தேவை இருந்தால் மட்டும் வேண்டும். பட்டியலில் இருக்கும் வழக்கமான கணினிக் கருவிகளில் மட்டும் கைவைக்காதீர்கள். கையேட்டுப் பக்கங்கள், இணையத்திலிருந்து கோப்பை இறக்கும் டபிள்யூகெட், கட்டளையைப் பாதி தட்டினால் நிறைவுசெய்யும் வசதி என்று, இல்லாதபோதுதான் அருமை தெரியும் பொருள்கள் அதில் உள்ளன.

கேள்வி (அங் மோ கியோ, தமிழாசிரியர்): நிறுவியில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் நாடுகளின் பட்டியலில் சிங்கப்பூர் இல்லையே? தமிழ்99இல் தட்டச்சு செய்ய என்ன பொதி வேண்டும்?

பதில்: முதலில், தமிழில் நிறுவ வேண்டுமானால் வரைகலை நிறுவியைத் தொடங்குங்கள். எழுத்துமுறை நிறுவியில் தமிழ் வராது.

தமிழுக்கான வட்டார அமைப்புகள் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் மட்டுமே உள்ளன. ஆகவே மற்றவை என்பதற்குள் சென்று ஆசியா, சிங்கப்பூர் என்று தேர்ந்தெடுத்தால், எந்த நாட்டின் அமைப்பை அடிப்படையாகக் கொள்வது என்று நிறுவி கேட்கும். இந்தியா என்று சொன்னால் நேரம் சிங்கப்பூருக்குரியதாகவே இருக்கும், நாணயக் குறி போன்றவை மட்டும் இந்திய முறையில் வரும். கல்விப் பணிக்கு அது பெரிய இடைஞ்சல் இல்லை. சிங்கப்பூர் வெள்ளியில் கணக்கும் பார்க்கும் கணினி என்றால், ஆங்கிலம், சிங்கப்பூர் என்று நிறுவிவிட்டுத் தமிழைப் பிறகு சேர்ப்பது மேல். ஆங்கிலப் பட்டியலில் சிங்கப்பூர் நேரடியாகவே இருக்கிறது.

தட்டச்சுக்கு ஐபஸ்-எம்17என் என்னும் பொதியை நிறுவி, ஒருமுறை வெளியேறி உள்நுழையுங்கள். க்னோம் அமைப்புகளில் விசைப்பலகை, உள்ளீட்டு மூலங்கள் என்று சென்று தமிழைத் திறந்தால் தமிழ்99, ஒலிப்புமுறை, தட்டச்சுப்பொறி முறை எல்லாம் தெரியும். லிப்ரே ஆபீஸுக்கும் ஃபயர்பாக்ஸுக்கும் தமிழ் மொழிப்பொதிகள் தனியாக உள்ளன. பொதிப் பட்டியலில் அந்தப் பெயர்களின் இறுதியில் தமிழைக் குறிக்கும் டிஏ என்ற இரண்டு எழுத்துகள் இருக்கும். பல மாணவர்கள் பயன்படுத்தும் வகுப்பறைக் கணினி என்றால் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: பொதி கணினிக்கு ஒருமுறை, உள்ளீட்டு மூலமோ கணக்குக்கு ஒருமுறை. ஒவ்வொரு கணக்கிலும் சேர்த்தாக வேண்டும்.

கேள்வி (பொங்கோல்): எந்த மென்பொருளை நிறுவப் போனாலும் டிவிடியைச் செருகு என்கிறது. என் கணினியில் டிவிடி இயக்கியே இல்லை.

பதில்: டிவிடிப் படிமத்திலிருந்து நிறுவி, இணையக் களஞ்சியம் (பொதிகளை இறக்கித் தரும் இணையத்தளம்) வேண்டுமா என்ற கேள்விக்கு வேண்டாம் என்று சொல்லியிருப்பீர்கள். பொதி மூலங்களின் பட்டியலில் சிடிரோம் என்று தொடங்கும் வரியின் முன் '#' குறியிட்டு, இணையக் களஞ்சியத்தின் வரியைச் சேர்த்து, ஏபிடி அப்டேட் செய்யுங்கள்.

கேள்வி (பிடோக்): இல்ல அடைவு தனிப் பிரிவில் இருக்கிறது. டெபியன் 11ஐ எடுத்துவிட்டுப் புதிதாக 13 நிறுவப்போகிறேன். எனக்கும் மனைவிக்கும் இரண்டு கணக்குகள். கோப்புகளுக்கு ஏதும் ஆகாமல் செய்வது எப்படி?

பதில்: வட்டுப் பிரிப்பைக் கைமுறையாகச் செய்யுங்கள். அந்தப் பிரிவைத் திறந்து, ஏற்றுமிடம் ஹோம் என்றும், வடிவமைக்க வேண்டாம், இருக்கும் தரவை வைத்துக்கொள் என்றும் அமைத்து, மாற்றங்களை எழுதும் முன் வரும் பட்டியலில் வடிவமைக்கப்படும் பிரிவுகளுள் அது இல்லை என்பதை உறுதிப்படுத்துங்கள். எவ்வளவு கவனமாக இருந்தாலும், வேறொரு வட்டில் ஒரு பிரதி எடுக்காமல் தொடங்காதீர்கள்.

அடுத்தது பயனர் எண். லினக்ஸ் ஒரு கோப்பின் உரிமையாளரைப் பெயரால் அறிவதில்லை, எண்ணால் அறிகிறது. டெபியனில் முதல் பயனருக்கு 1000, அடுத்தவருக்கு 1001 என்று எண்கள் போகும். பழைய கணினியில் நீங்கள் 1000, மனைவி 1001 என்று வைத்துக்கொள்வோம். புதிய நிறுவலில் மனைவியின் கணக்கை முதலில் உருவாக்கினால் 1000 அவருக்குப் போய்விடும். உங்கள் கோப்புகளெல்லாம் அவருடையவை என்று கணினி கருதும். அவருடைய இல்ல அடைவோ 1001க்கு உரியதாக இருப்பதால், அவர் கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்தாலும் வரைகலை உள்நுழைவு அவரைத் திரும்பத் திரும்ப வெளியே தள்ளும். ஆகவே நிறுவலைத் தொடங்கும் முன், ஹோம் அடைவில் எல்எஸ் கட்டளையை எண் காட்டும் தெரிவுடன் இயக்கி, யாருக்கு எந்த எண் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதே பயனர்பெயர்களை அதே வரிசையில் உருவாக்குங்கள். வரிசை மாறிவிட்டாலும், சோன் கட்டளையால் ஒவ்வோர் இல்ல அடைவையும் அதன் உரியவருக்கு முழுமையாக மாற்றிக்கொடுத்துவிடலாம்.

இன்னொன்று: டெபியன் 11இல் உருவான இல்ல அடைவுகளை மற்றவர்களும் திறந்து படிக்கலாம். புதிய நிறுவல் பழைய அடைவின் அனுமதியைத் தொடாது. ஆகவே அதை நீங்களாகவே 700 (உரிமையாளருக்கு மட்டும் அனுமதி) என்று மாற்ற வேண்டும்.

கேள்வி (உட்லண்ட்ஸ்): ஃபெடோரா, உபுண்டு ஆகிய மற்ற லினக்ஸ் வகைகளிலும் இதே முறைதானா?

பதில்: அடிப்படை ஒன்றுதான். உபுண்டுவில் ரூட் கணக்கு எப்போதும் பூட்டியே வரும், முதல் பயனருக்கு சுடோ கிடைக்கும். ஃபெடோராவில் நிர்வாகிக் குழுவின் பெயர் வீல். டெஸ்க்டாப்பை மாற்றித் தேர்ந்தெடுக்கும் திரை ஃபெடோரா வொர்க்ஸ்டேஷன் நிறுவியில் கிடையாது.

கேள்வி (பிடோக்): எந்தப் பொதிகளைப் பயன்படுத்துகிறேன் என்று புள்ளிவிவரம் அனுப்பச் சம்மதமா என்று நிறுவி கேட்டது. சம்மதிக்கலாமா?

பதில்: இயல்பான விடை இல்லை என்பதே. ஆம் என்றால், நிறுவியிருக்கும் பொதிகளின் பட்டியல் பெயர் குறிப்பிடாமல் வாரம் ஒருமுறை டெபியனுக்குச் செல்லும். டெபியனின் முதல் நிறுவல் வட்டில் எந்தப் பொதிகளுக்கு இடம் கொடுப்பது என்று தீர்மானிக்க அதைப் பயன்படுத்துகிறார்கள். சொந்தக் கணினியில் தாராளமாகச் சம்மதிக்கலாம். தமிழ்ப் பொதிகளுக்கும் ஆள் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய அது ஒரு வழி. அலுவலகத்தின் அல்லது பள்ளியின் கணினியாக இருந்தால், உரியவரிடம் கேட்காமல் சம்மதிக்காதீர்கள்.